பழைய மாடல் ஏன் வாங்கினீங்க என்று கேட்ட அன்பர்களுக்கு

 

இந்த மாதம் மட்டும் நாலு பேர் கேட்டு விட்டார்கள். அர்ச்சனை டிக்கெட் கவுண்டரில் ஒருவர், அன்னதானப் பந்தியில் ஒருவர், வாட்ஸ்அப்பில் இரண்டு பேர். “தேவார வகுப்புக்கு நன்கொடையில வாங்கின ரெண்டு டேப்லட்டும் பழைய மாடலாமே. வாங்கி மூணு மாசத்துல புதுசு வந்துடுச்சே. கொஞ்சம் பொறுத்து வாங்கியிருக்கக் கூடாதா?” கோயில் காசு, கேட்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதி விடுகிறோம். கொஞ்சம் நீளமாகப் போகும். டீ கலக்கி வைத்துக்கொண்டு படிங்க.

2024-ல் தைப்பூசம் ஜனவரி 25. பந்தலைப் பிரித்து, அண்டா குண்டான் எல்லாம் தேய்த்துக் கழுவி ஸ்டோரில் ஏற்றின வாரத்தில் ஓர் அன்பர் வந்து பணம் கொடுத்தார். பேர் போட வேண்டாம் என்றார். “பிள்ளைங்க தேவார வகுப்புக்கு டேப்லட் வாங்குங்க, வேற எதுக்கும் எடுக்காதீங்க” என்று மட்டும் சொன்னார்.

அவசரம் என்னவென்றால், வகுப்பு எடுக்கிற அம்மா. ஞாயிறு காலை பத்து மணிக்குப் பின் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால் எதிரில் பதினைந்து இருபது பிள்ளைகள். ஒரு காசு சம்பளம் வாங்கியதில்லை. நட்டபாடை எது, காந்தாரம் எது, கொல்லி எது, கௌசிகம் எது என்று பாடிக் காட்டியே பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் நம் வட்டாரத்தில் அவர் ஒருத்தர்தான். வயது எழுபதுக்கு மேல். வீட்டுக்காரர் தவறிய பிறகு தனியாக இருந்தார். ஏப்ரலில் வீட்டைக் காலி செய்து ஜொகூரில் மகளோடு போய் இருக்கப் போவதாகத் தை பிறந்ததுமே சொல்லி விட்டார். அதற்குள் அவர் பாடுவதைப் பதிந்து வைத்தாக வேண்டும்.

கைப்பேசியில் பதியலாமே என்று கேட்பீங்க. பதிந்தோம். மூன்று பேர் கைப்பேசியில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நாலாவது கைப்பேசி போன வருஷம் சாம்பார்க் குண்டானில் விழுந்து அதோடு போனது. பிள்ளைகளுக்கு அவர் வாய் திறக்கிற விதம் தெரிய வேண்டும், பக்கத்திலேயே பாட்டின் எழுத்து பெரிசாகத் தெரிய வேண்டும், எல்லாம் கோயிலிலேயே ஒரு இடத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் டேப்லட்.

பிப்ரவரி முதல் வாரத்தில் குழு உட்கார்ந்தது. நம் இளைஞர்கள் உடனே கையைத் தூக்கினார்கள். “அண்ணே, இப்ப வாங்காதீங்க. மார்ச்ல புது ஐபேட் வருது. கன்ஃபர்ம்லா. இப்ப வாங்கினா காசு வேஸ்ட்டு.” போனைத் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். எவ்வளவு மெல்லிசு, திரை என்ன ரகம், எந்த வாரம் வருது, எல்லாம் இருந்தது. 2023 முழுக்க ஆப்பிள் ஒரு புது ஐபேட்கூட விடவில்லை. ஒரு வருஷம் பட்டினி கிடந்தவன் கண்ணுக்குத் தூரத்துப் புகை எல்லாம் அடுப்புப் புகையாகத்தானே தெரியும். ஆனால் அந்தத் தம்பிகளுக்கு இதில் ஆசை ஒன்றும் இல்லை. கோயில் காசு வீணாகக் கூடாது என்கிற அக்கறை. பொருளாளரும் தலையாட்டி விட்டார்.

ஒத்துக்கொள்ளாதவர்கள் எங்களில் ஆலைக்காரர்கள். எங்கள் தொண்டர் குழுவில் பாதிப் பேர் பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் ஷிப்டு பார்க்கிறவர்கள். பிளாஸ்டிக் மோல்டிங், அசெம்ப்ளி, பேக்கிங். பொருள் பிறக்கிற இடம் எங்களுக்குத் தெரியும். அதனால் “கன்ஃபர்ம்” என்ற சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

இதே கூத்தை 2010-லும் பார்த்தோம். அந்த வருஷம் தைப்பூசம் ஜனவரி 30. அதற்கு மூன்று நாள் முன்னால், 27-ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடைக் காட்டினார். அங்கே காலை பத்து மணி, நமக்கு விடிந்தால் வியாழன், பின்னிரவு இரண்டு மணி. தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் எங்கள் தண்ணீர் பந்தல் வேலை ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருக்க, ஒரு தம்பி மட்டும் மடிக்கணினியைத் தொடையில் வைத்துக்கொண்டு “வரப்போவுது, வரப்போவுது” என்று கத்திக்கொண்டே இருந்தான். பெரியவர் ஒருவர் சாமிதான் வரப்போகுதோ என்று எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார்.

அதற்கு முன் மாதக்கணக்காகப் பேச்சு. பெயர் ஐஸ்லேட் என்றார்கள், ஐடேப்லட் என்றார்கள். விலை ஆயிரம் டாலர் என்றார்கள். முன்னால் கேமரா இருக்கும் என்று அடித்துச் சொன்னார்கள். கடைசியில் பெயர் ஐபேட், ஆரம்ப விலை 499 டாலர், கேமரா கிடையாது. அமெரிக்காவில் ஓர் இணையப் பத்திரிகை அந்த ஜனவரியில், வெளிவராத அந்தப் பொருளைத் தங்கள் கையில் ஒரு மணி நேரம் கொடுத்தால் 100,000 டாலர் தருவதாகவே அறிவித்தது. படம் மட்டும் என்றால் அதற்கு ஒரு விலை, வீடியோ என்றால் அதற்கு ஒரு விலை. ஆப்பிள் வக்கீல்கள் நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். கடிதம் வந்ததே, அப்படியென்றால் பொருள் இருக்கிறது என்று அதையும் செய்தியாக்கிக் கொண்டாடினார்கள்.

இன்னொன்று நம்மைப் போன்ற கோயில்காரர்களுக்குத்தான் சிரிப்பு வரும். ஜனவரி 30 என்று தேதி போட்டு, அதாவது நாம் பால்குடம் தூக்கி நின்ற அதே நாள் தேதியில், லண்டன் எக்கனாமிஸ்ட் பத்திரிகை வந்தது. அட்டையில் ஸ்டீவ் ஜாப்ஸ். நீள அங்கி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கையில் அந்தப் பலகை. கிண்டல்தான். ஆனால் கிண்டல் பண்ணுகிற அளவுக்கு ஊர் கும்பிட்டிருக்கிறது. ஏப்ரல் 3-ஆம் தேதி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது, முதல் நாளே 300,000 போனது. சிங்கப்பூருக்கு ஜூலை 23-ல் வந்தது. நம் நாட்டுக்கு அதற்கும் அப்புறம். பூசணிக்காய் நறுக்காமல் கத்திக்கொண்டிருந்த தம்பி அந்த வருஷம் முழுக்க வேறு எதுவும் வாங்காமல் காத்திருந்தான் என்பது தனிக் கதை.

சரி, இந்தச் செய்தி எல்லாம் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து இல்லை. பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள் நிற்கிற தரையிலிருந்துதான்.

டேப்லட்டுக்கு உறை செய்கிறவனை எடுத்துக்கொள்ளுங்கள். புது மாடல் வெளிவருகிற அன்றே கடையில் அவன் உறை தொங்கினால் நல்ல காசு. ஆனால் மோல்டு வெட்ட வேண்டும். இரும்பைக் கடைந்து, டிரையல் ஓட்டி, அளவு பார்த்து, சரி செய்து, மறுபடி ஓட்டி முடிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகிவிடும். இதை நாங்கள் தினம் செய்கிறோம், தெரியும். அதனால் பொருள் வருமுன்பே அதன் நீள அகலம், கேமரா ஓட்டை எங்கே, பட்டன் எங்கே என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த அளவு எங்கே கிடைக்கும்? உள்ளே வேலை செய்கிறவனிடம்.

2010 கடைசியில் சீனாவில் ஷென்சென் நகரத்தில் அதுதான் நடந்தது. இரண்டாவது ஐபேடின் முதுகு அளவை அறிய, உறை செய்கிற ஒரு நிறுவனத்துக்காரர் 20,000 யுவான் கொடுத்தார். அன்றைய கணக்குக்கு மூவாயிரம் அமெரிக்க டாலர். அது பாக்ஸ்கான் ஆலையில் முன்பு வேலை செய்த ஒருவர் வழியாக, உள்ளே இருந்த ஒருவர் கைக்குப் போய், வரைபடம் வெளியே வந்தது. டிசம்பரில் பிடித்தார்கள். 2011 மார்ச் 2-ல் அந்த ஐபேடைக் காட்டினார்கள், உலகமே கைதட்டியது. ஜூனில் மூன்று பேருக்கும் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, ஒருவருக்கு ஒன்றரை வருஷச் சிறை. நாம் போனில் “கசிந்த படம்” என்று தள்ளிவிட்டுப் போகிறோமே, அந்தக் கசிவுக்குப் பின்னால் சில நேரம் ஒருத்தன் வேலை, ஒருத்தன் குடும்பம் இருக்கிறது. எங்கள் ஆலையிலும் வாடிக்கையாளர் மாதிரிப் பொருள் வந்தால் கைப்பேசியைப் பாதுகாவலரிடம் கொடுத்துவிட்டுத்தான் லைனுக்குப் போவோம். பையன்கள் முறுமுறுப்பார்கள். இந்த ஷென்சென் கதையைச் சொன்னதும் பேசாமல் கொடுத்து விடுவார்கள்.

அதே 2011 மே 20, செங்டு நகரத்தில் பாக்ஸ்கான் ஆலையில் வெடி விபத்து. ஐபேட் முதுகைப் பளபளப்பாகத் தேய்க்கிற பகுதி. அலுமினியத்தைத் தேய்த்தால் பறக்கிற தூள் மாவை விட நைசு. காற்றில் நிறைந்து நின்றுவிட்டால் ஒரு பொறி போதும், அறையே வெடிக்கும். பாதுகாப்பு வகுப்பில் எங்களுக்கும் சொல்லித் தருவார்கள். தூளை இழுக்கிற காற்றுக் குழாய் சரியாக வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நான்கு பேர் செத்தார்கள். அந்த முதுகு எத்தனை மில்லிமீட்டர் மெல்லிசு என்று மாதக்கணக்கில் வாய் ஓயாமல் பேசினவர்கள், தேய்த்தவனைப் பற்றிப் பேசினது ஒரு வாரம் இருக்கும்.

இதை எழுதுவது யாரையும் குற்ற உணர்ச்சியில் தள்ள இல்லை. நாங்களும் அதே ஆப்பிள் பொருளைத்தான் கோயிலுக்கு வாங்கியிருக்கிறோம். சொல்ல வந்தது வேறு. அந்தத் தம்பிகள் காட்டிய “மார்ச்” என்ற தேதி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. யாரோ ஓர் ஆலையில் பலகையில் எழுதியிருந்த தேதியாகவே இருக்கலாம். ஆனால் ஆலைத் தேதி என்பது கல்வெட்டு இல்லை. எங்கள் சின்ன ஆலையிலேயே திங்கட்கிழமைதோறும் திட்டத்தை அழித்து எழுதுவோம். ஒரு பாகம் வந்து சேராது, நூறில் இருபது கழிவாகப் போகும், வாடிக்கையாளர் ஒரு திருகாணியை மாற்றுவார். திங்கள் உண்மை வெள்ளிக்கிழமை இல்லை. வெளியே கசிந்த தேதி மட்டும் அழியாமல் ஊர் சுற்றும். ஒருவர் எழுதினதை நூறு பேர் எடுத்துப் போட்டதும் நூறு சாட்சி மாதிரித் தெரியும். சாட்சி ஒன்றுதான்.

1995 செப்டம்பர் 21 பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று டெல்லியில் கிளம்பின செய்தி, ஒரே நாளில் கடல் தாண்டிப் பல நாட்டுக் கோயில்களுக்கும் போனது. அப்போது வாட்ஸ்அப் ஏது? வீட்டுத் தொலைபேசிதான். அது என்ன, எப்படி என்று வாதம் பண்ண நாங்கள் வரவில்லை, அது அவரவர் நம்பிக்கை. செய்திக்கு எவ்வளவு வேகம் என்பதற்காகச் சொன்னோம். அன்றைக்குக் குறைந்தது நேரில் போய்ப் பார்க்க ஒரு பிள்ளையார் இருந்தார். இதில் அதுவும் இல்லை.

குழுவில் ஒன்றரை மணி நேரம் பேசினோம். கடைசியில் வகுப்பு அம்மாவைக் கேட்கலாம் என்று முடிவானது. அவருக்கு மாடலும் தெரியாது, மண்ணும் தெரியாது. “நான் ஏப்ரல் நடுவுல கெளம்பிடுவேன்யா. அதுக்குள்ள எது வருதோ அதுல பாடறேன்” என்றார். பொருளாளர் நோட்டை மூடினார். பிப்ரவரி நடுவில் ஒன்பதாம் தலைமுறை ஐபேட் இரண்டு வாங்கினோம். 2021-ல் வந்த மாடல், கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. ரசீது அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மார்ச் வந்தது. புது ஐபேட் வரவில்லை. இன்னும் ரெண்டு வாரம் என்றார்கள். ஏப்ரல் வந்தது. வரவில்லை. கடைசியில் மே 7-ஆம் தேதிதான் காட்டினார்கள். நல்ல பொருள், இல்லை என்று சொல்ல மாட்டோம். பெரிய அளவு ஐபேட் புரோ 5.1 மில்லிமீட்டர்தான் கனம். ஒரு மோல்டிங்காரனாக அந்தக் கனத்தைப் படித்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அதற்குள் எத்தனை பேர் தூக்கம் போயிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆனால் அதற்குப் போட்ட விளம்பரம் இருக்கிறதே! ஒரு பெரிய அழுத்து மெஷின் மேலிருந்து இறங்கி, எக்காளம், பியானோ, கித்தார், சாயப் புட்டிகள், கேமரா லென்ஸ் எல்லாவற்றையும் நசுக்கும். நசுங்கின இடத்தில் மெல்லிசாக ஒரு ஐபேட் இருக்கும். எல்லாம் இதற்குள் அடக்கம் என்று அர்த்தமாம். அழுத்து மெஷின் நாங்கள் தினம் பார்க்கிறது, எங்கள் ஆலையில் 350 டன் ஒன்று நிற்கிறது. ஆயுத பூஜையன்று அதற்கே குளிப்பாட்டிச் சந்தனப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் வெட்டுகிற ஆட்கள் நாங்கள். எங்கள் முதலாளி சீனர், அன்றைக்கு அவரும் ஓரமாக நின்று கற்பூரம் தொட்டுக்கொள்வார். சரஸ்வதி பூஜைக்கு நம் கோயிலில் சுருதிப் பெட்டியையும் தவிலையும் பிள்ளைகள் புத்தகத்தையும் அம்பாள் காலடியில் வைக்கிறோம். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அந்த எக்காளம் வளைந்து நொறுங்குவதைப் பார்த்து எங்கள் மேளக்காரர் அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நமக்கு மட்டும் இல்லை, உலகம் முழுக்கக் கலைஞர்கள் கோபப்பட்டார்கள். இரண்டு நாளில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது, தொலைக்காட்சியில் போடவில்லை.

இனி விலை விஷயம். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதே மே 7-ல் பத்தாம் தலைமுறை ஐபேடின் விலையை அமெரிக்காவில் 449 டாலரிலிருந்து 349 ஆக இறக்கினார்கள். நாங்கள் வாங்கின ஒன்பதாவதை நிறுத்தி விட்டார்கள், அதன் விலை அங்கே 329 ஆக இருந்தது. ஆக, மே வரை பொறுத்திருந்தால் கிட்டத்தட்ட அதே காசுக்கு ஒரு படி புதிய மாடல் கிடைத்திருக்கும். தம்பிகள் சொன்னதில் அவ்வளவு உண்மை இருக்கிறது, அதை அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். கணக்கு மட்டும் பார்த்தால் அவர்கள் பக்கம்தான். ஆனால் வகுப்பு அம்மா ஏப்ரல் மூன்றாவது வாரம் பஸ் ஏறி விட்டார். மே மாதத்தில் பளபளவென்று புது ஐபேடை வைத்துக்கொண்டு யாரைப் பாட வைத்திருப்போம்?

பதிவு வேலையை முழுசாக இழுத்துப் போட்டுச் செய்தது, “மார்ச்ல வருது” என்று சொன்ன அதே தம்பிகள்தான். ஒருத்தர் பிளாஸ்டிக் குழாயில் தாங்கி செய்தார், ஒருத்தர் மைக் கடன் வாங்கி வந்தார், ஒருத்தர் இரவில் உட்கார்ந்து பாட்டின் எழுத்தைப் படத்தின் கீழே ஏற்றினார். ஏழு ஞாயிறு நடந்தது. முதல் ஞாயிறு அம்மாவுக்குக் கூச்சம், திரையையே பார்த்துக்கொண்டு பாடினார். “என்னய்யா, என் மூஞ்சிய எனக்கே காட்டுறீங்க” என்று திரையைத் துணியால் மூடச் சொல்லிவிட்டார். அப்புறம் சரியாகி விட்டது. பங்குனி உத்திரத்துக்குள் முப்பத்தெட்டுப் பதிகம் முடிந்தது. மிச்சம் சிலது குரல் ஒத்துழைக்காததால் நின்றுவிட்டது. பியந்தைக் காந்தாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை அவர் மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பாடினார், மூன்றையும் அப்படியே வைத்திருக்கிறோம். எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

இப்போது ஞாயிறு வகுப்பை அவரிடம் பத்து வருஷம் படித்த இரண்டு பெண் பிள்ளைகள் நடத்துகிறார்கள். ஒரு டேப்லட் சின்னவர்களுக்கு, ஒன்று பெரியவர்களுக்கு. திருமுறை ஓதும் விழாவுக்குப் போகிற பிள்ளைகள் புதன் இரவு ஏழரைக்கும் வந்து பார்த்துப் பழகலாம், அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் போதும். காதில் மாட்டுகிற கருவி உங்கள் சொந்தமாகக் கொண்டு வாங்க. பதிவின் பிரதி வேண்டும் என்கிற பெற்றோர் ஒரு பென்டிரைவ் கொடுத்து வைத்தால் அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. தயவுசெய்து துண்டு துண்டாக வெட்டி வாட்ஸ்அப்பில் விட வேண்டாம், அம்மா அதை மட்டும் கேட்டுக்கொண்டார்.

காந்தாரப் பண் மூன்றாவது பதிவில் நடுவில் லோரி ஹாரன் சத்தம் ஒன்று பெரிசாகக் கேட்கும். எடுத்து விடட்டுமா என்று தம்பிகள் கேட்டார்கள். அம்மா ஹாரன் அடித்த நேரத்திலும் சுருதி விடாமல் பாடியிருக்கிறார், அதனால் இருக்கட்டும் என்று விட்டு விட்டோம். கேட்டுப் பாருங்க.